பிடியரிசிக் கணக்கு



சென்ற ஷஃபான் மாதத்தில் மதரஸாவின் பழைய அலமாரியைத் துப்புரவு செய்தோம். செல்லரித்த ஏடுகளைக் கண்ணியமாகப் புதைத்துவிடலாம் என்று ஆசிரியர்களாகிய நாங்களே முடிவு செய்து, சாக்கில் கட்டி வைத்தோம். அவற்றுள் அரபுத்தமிழில் எழுதிய கணக்கேடு ஒன்றும் இருந்தது. தமிழை அரபு எழுத்தில் வடிக்கும் அம்முறையிலேயே கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) போன்ற பெரியோர் நம் பெண்களுக்கும் மார்க்கக் கல்வியை எட்டச் செய்தார்கள். எங்களாலோ இரண்டு வரிகளைத் தாண்ட இயலவில்லை.

பேரப்பிள்ளையை அழைத்துச் செல்ல வந்த மூதாட்டி ஒருவர் அதை வாங்கித் தடையின்றி வாசித்தார். அது பிடியரிசிக் கணக்கு. உலையில் இடுமுன் ஒரு பிடி அரிசியை எடுத்து வைத்து, வாரந்தோறும் மதரஸாவுக்கு அளந்த வீடுகளின் பட்டியல். ஓரிடத்தில் அவர் விரல் நின்றது.

"இது எங்க உம்மா வூடு, ஹஜரத். அந்த வருஷந்தான் வாப்பா கடல்ல தவறிட்டாங்க."

அதுவரை வாரம் ஒரு படியாக இருந்த அளவு, அதன்பின் கால்படியாகக் குறைந்திருந்தது; நின்றுபோகவில்லை.

அந்த நாள்களில்தான் நம் இளைஞர்கள் பைத்துல்மால் தொடங்க முனைந்திருந்தார்கள். "இந்த மஹல்லாவில் இதுவரை யாரும் எதுவும் செய்ததில்லை" என்று கூட்டத்தில் பேசப்பட்டபோது நாங்களும் தலையசைத்திருந்தோம். அந்தத் தலையசைப்பை எண்ணி வெட்கினோம்.

ஏட்டில் ஆண்களின் பெயரால் 'இன்னார் வீடு' என்றே இருந்தது. அரிசி அளந்த பெண்களின் பெயர்கள் இல்லை. மூதாட்டி நினைவிலிருந்து சொல்லச் சொல்ல, இளைஞர்கள் எழுதிக்கொண்டார்கள். மதரஸாவின் கதவைச் செய்த ஆசாரி, கூலியில் பாதியை விட்டுக்கொடுத்த செய்தியும் அதில் இருந்தது. அவருடைய பேரர்களை அடுத்த தெருவில் தேடிச் சென்று அழைத்தோம். அடுத்த கூட்டம் அப்பெயர்களை வாசித்தே தொடங்கியது.

குலப்பெருமை பேசுவதை நம் மார்க்கம் தடுக்கிறது. நன்றி மறப்பதையும் அது கண்டிக்கிறது. முன்சென்ற ஈமான் கொண்டோருக்காகப் பாவமன்னிப்புத் தேடுமாறு அல்ஹஷ்ர் அத்தியாயத்தின் 10ஆம் வசனம் நமக்குக் கற்பிக்கிறது. பெயரே தெரியாதவர்களுக்கும் அந்த துஆ சென்று சேரும். ஆயினும், பெயர் சொல்லக்கூடிய ஒருவர் நம்மிடையே இருக்கும்போதே கேட்டு வைப்பது நம் கடமையல்லவா?

உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் இன்றே கேளுங்கள். அந்தத் தாய்மார்களின் ஒவ்வொரு பிடியையும் அல்லாஹ் ஏற்றுக்கொள்வானாக. ஆமீன்.