மூன்று கோலுக்கு மூன்று சீசன்

அன்புள்ள கார்த்திக்,

"பெரியப்பா, வாரக்கணக்கில் பெஞ்சிலேயே உட்கார வைக்கிறார்கள். நம்ம ஆட்களுக்கு இங்கே இடமே கிடையாதோ?" என்று கேட்டிருக்கிறாய். மான்செஸ்டரில் இருந்துகொண்டு நீ இப்படிக் கேட்டதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். பக்கத்து ஊரான பெரியில், கிக் லேன் மைதானத்தில்தானடா நம்ம பாய்ச்சுங் பூட்டியா கால்பந்து ஆடினான்! சின்ன வயதில் உனக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பேன்.

உன் அப்பாவுக்குக் கிரிக்கெட், எனக்குக் கால்பந்து. கல்கத்தாவில் லேக் மார்க்கெட் பக்கம் குடியிருந்தபோது ஈஸ்ட் பெங்கால் அணியின் மேல் பைத்தியம் பிடித்துக்கொண்டது. 1997 ஜூலையில் ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதி, எதிரில் மோகன் பகான். சால்ட் லேக் மைதானத்தில் 1,31,000-க்கும் மேல் கூட்டம். நானும் இருந்தேன். பகான் பயிற்சியாளர் அமல் தத்தா முன்கூட்டியே எங்கள் அணியின் பாய்ச்சுங்கை 'சுங் சுங்' என்று கேலி பேசியிருந்தார். அந்த இருபது வயது சிக்கிம் பையன் மூன்று கோல் போட்டான். 4-1! ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தால் வீட்டில் இலிஷ் மீன் சமைப்பது அங்கே வழக்கம். மறுநாள் சந்தையில் அதன் விலையைக் கேட்டு, சைவக்காரன் எனக்கே தலை சுற்றியது.

அப்பேர்ப்பட்டவன் 1999-இல் அதையெல்லாம் விட்டுவிட்டு இங்கிலாந்தின் மூன்றாம் அடுக்கில் ஆடிக்கொண்டிருந்த பெரி அணிக்குப் போனான். அக்டோபரில் கார்டிஃப் அணிக்கு எதிராக முதல் ஆட்டம், அதுவும் மாற்று ஆட்டக்காரனாக. அவனை எடுத்த மேலாளர் நீல் வார்னாக் டிசம்பரிலேயே ஷெஃபீல்ட் யுனைடெட்டுக்குப் போய்விட்டார். நம்பி அழைத்தவரே இல்லாத இடத்தில், ஊரும் குளிரும் புதிதாக, ஒருவன் தனியாக நிற்பதை நினைத்துப் பார். முதல் கோல் செஸ்டர்ஃபீல்டுக்கு எதிராக 2000 ஏப்ரலில்தான் வந்தது. பிறகு முழங்கால் காயம். கடைசியில் கிளப்பே பணமுடையில் தள்ளாடியது. கணக்கு: 37 லீக் ஆட்டம், 3 கோல். கல்கத்தாவில் ஒரே நாளில் போட்டதை அங்கே போட மூன்று சீசன் பிடித்தது.

அதைத் தோல்வி என்பவர்களோடு நான் இன்றும் சண்டை போடுவேன். அவனுக்கு முன்பே 1936-இல் நம் நாட்டு முகமது சலீம் ஸ்காட்லாந்தின் செல்டிக் அணிக்காக வெறுங்காலில் கட்டுப் போட்டுக்கொண்டு ஆடி அசத்தினார். ஊர் ஏக்கத்தில் திரும்பிவிட்டார். அவரைக் குறை சொல்லவில்லை. ஆனால் பாய்ச்சுங் இருந்து காட்டினான். ஊர் திரும்பியவன் தளர்ந்துபோகவும் இல்லை. 2003-இல் ஜகார்த்தாவில் ஈஸ்ட் பெங்கால் ஆசியான் கிளப் கோப்பையை வென்றபோது அதிக கோல் அவனுடையதுதான். மலேசியாவுக்கும் போய்ப் பெராக் அணிக்கு ஆடினான். அந்த முன்கள ஆட்டக்காரன் பெஞ்சில் உட்கார்ந்த நாட்களில் வீணாகிவிடவில்லை.

உனக்கு இடம் உண்டா என்று கேட்டாய். இடத்தை யாரும் எழுதிக் கொடுக்க மாட்டார்கள், கண்ணா. கூப்பிடும்போது காலில் தெம்போடு எழுந்து ஓடத் தயாராக இருப்பவனுக்குத்தான் அது. பயிற்சிக்கு ஒரு நாளும் மட்டம் போடாதே. முழங்காலைப் பார்த்துக்கொள். போன் மட்டும் போதாது, கடிதமும் எழுது.

அன்புடன்,
பெரியப்பா