நான்கு குமிழ்கள்

தவக்காலத்து இரண்டாம் ஞாயிறன்று காணிக்கைப் பாடல் நடந்துகொண்டிருக்கையில், பீடத்தருகே நின்று கையை உயர்த்தி, "கிதாரை நிறுத்து!" என்று சொன்னவன் நான். என் முன்னிருந்த ஒலிவாங்கி அணைக்கப்படவில்லை என்பதை மறந்துவிட்டேன். கோவில் முழுவதும் அது கேட்டது. வாசித்துக்கொண்டிருந்த இளைஞர் கம்பியைப் பிடுங்கினார். கிதாரைச் சுவரில் சாய்த்துவிட்டு, திருப்பலி முடியும்வரை தலைகுனிந்து நின்றார். அடுத்த இரு ஞாயிறுகளில் அவர் வரவில்லை.

விதி என் பக்கம் இருந்தது. தவக்காலத்தில் இசைக்கருவிகள் பாடலைத் தாங்குவதற்கு மட்டுமே. 1967-ஆம் ஆண்டு மார்ச் 5-ஆம் நாள் வெளியான திருவழிபாட்டு இசை பற்றிய அறிவுரையும், பாடலின் சொற்கள் விளங்காதபடி கருவியின் ஒலி குரல்களை மூழ்கடிக்கலாகாது என்கிறது. இவற்றையெல்லாம் நான் நன்கறிவேன். ஆனாலும் அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. சூரமங்கலத்தில் இரவு முழுவதும் தொடர்வண்டிகள் வந்துபோகும், அவற்றை எண்ணிக்கொண்டிருந்தேன்.

முன்வரிசை மூதாட்டிகள் பல வாரங்களாகவே, "சாமி, அந்தக் கம்பிச் சத்தம் காதைக் குத்துதுங்க" என்று முறையிட்டுவந்தார்கள். இளைஞரோ, ஒலியைத் தணித்தால் பின்வரிசைக்குத் தாளமே எட்டவில்லை என்பார். இருவர் சொல்வதும் உண்மை. உண்மையில் பழுது கிதாருக்குள் இருந்தது. வளைகுடா நாட்டில் பணியாற்றித் திரும்பிய ஒருவர் பங்கிற்கு அளித்த பழைய மின்கிதார் அது. அதிலுள்ள நான்கு குமிழ்களில் ஒலிநயத்தைத் திருத்தும் இரண்டும் செயலற்றுக் கிடந்தன. நான் அவரது வீட்டிற்குச் சென்று, மன்னிப்புக் கேட்பதற்குப் பதிலாக, "உங்களிடம் சால்டரிங் அயர்ன் இருக்கிறதா?" என்று கேட்டேன். குருமட நாள்களில் டிரான்சிஸ்டர் வானொலிகளைப் பிரித்துப் பார்த்த பழக்கம் எனக்குண்டு.

கிதாரை அறியாத நேயர்களுக்காகச் சிறிது சொல்கிறேன். மின்கிதாரின் தந்திகளுக்குக் கீழே காந்தமும், அதனைச் சூழப் பல்லாயிரம் சுற்றுகளாக மயிரிழை போன்ற செப்புக் கம்பியும் இருக்கும். எஃகுத் தந்தி அதிர்ந்தால் கம்பியில் சிறு மின்னோட்டம் பிறக்கும். இவ்வமைப்பைப் பிக்கப் என்பர். வீணையில் குதிரை என்போமே, அதற்கு நெருக்கமாக வைத்த பிக்கப் கூர்மையாக ஒலிக்கும். கழுத்தின் பக்கம் வைத்தது, தந்தி அங்கே அகலமாக அசைவதால், கனிந்து ஒலிக்கும். அமெரிக்காவில் கிப்சன் நிறுவனம் 1952-இல் வெளியிட்ட லெஸ் பால் கிதாரில் இரண்டு பிக்கப்புகளும், ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே ஒரு வால்யூமும் ஒரு டோனுமாக நான்கு குமிழ்களும் இருந்தன. எங்கள் கிதார் அதன் தூரத்து உறவு. 'அன்னக்கிளி' வெளியான 1976-க்குப் பின் வளர்ந்த நம் மக்களுக்குக் கிதார் அந்நியமானதன்று. ஆனால் அந்நான்கு குமிழ்களும் எதற்கு என்று நானும் அதுவரை கேட்டதில்லை.

டோன் என்பது எளிய ஏற்பாடு. ஒரு கண்டென்சர் உச்ச ஒலிகளை மட்டும் தரைக்கம்பிக்கு வழியனுப்பிவிடும். எவ்வளவு அனுப்புவது என்பதைக் குமிழ் தீர்மானிக்கும். சேலத்துக் கடைக்காரர் 500 கிலோ ஓம் குமிழ் இல்லை, 470தான் உண்டு என்றார். அது போதும். 0.022 மைக்ரோஃபாரட் கண்டென்சர் இரண்டு கேட்டேன். "223-ன்னு கேளுங்க ஃபாதர்" என்று அதன் மேல் அச்சிட்ட எண்ணைச் சொல்லித் திருத்தினார்.

பங்கு இல்லத்து மேசையில், பழைய இணைப்பைத் திருமண அறிவிப்புத் தாளொன்றின் பின்புறம் படமாக வரைந்துகொண்டு, அதன்படியே புதியவற்றுக்கு ஈயம் வைத்தேன். கழுத்துப் பக்கத்தைத் தனியே வாசித்தால் அதன் டோன் ஒழுங்காக வேலை செய்தது. குதிரைப் பக்கமும் அவ்வாறே. இரண்டையும் சேர்த்து வாசிக்கும்போதுதான் வியப்பு: குதிரைப் பக்கத்து டோனைக் குறைத்தால் இரண்டுமே மங்கின. என் ஈயப்பற்றில்தான் குறை என்றெண்ணி இருமுறை பிரித்து இணைத்து, விரலைச் சுட்டுக்கொண்டேன்.

"ஈயத்துல தப்பில்லைங்க ஃபாதர். வால்யூம் ரெண்டும் முழுசாத் திறந்திருக்குது. அப்ப ரெண்டு கம்பியும் ஒரே கம்பிதானுங்களே?" என்றார் அவர்.

எனக்குச் சுருக்கென்றது. முழுதாகத் திறந்த இரண்டு வால்யூம்களுக்கிடையே தடையேதும் இல்லை. எந்தக் கண்டென்சரும் வருவது யாருடைய ஒலி என்று பார்த்து விழுங்குவதில்லை. அவர் இரண்டையும் பத்திலிருந்து எட்டுக்கு இறக்கினார். அப்போதும் பிரியவில்லை. விளக்கை நெருங்கப் பிடித்துப் பார்த்தார். டோன் கம்பிகள் வால்யூமின் நடுக்காலில் இணைந்திருந்தன. 1950-களின் முறை அது. ஒலி வெளியேறும் கால் அதுவாகையால், வால்யூமை இறக்கினாலும் இரு டோன்களும் பொதுவழியிலேயே தொங்கும். அவற்றைக் கழற்றி, பிக்கப்பின் கம்பி வந்து சேரும் ஓரக்காலுக்கு மாற்றினோம். இப்போது எட்டில் வைத்தபோது, இடையே விழுந்த அந்தச் சிறு தடையினால் ஒவ்வொரு டோனும் பெரும்பாலும் தன் பிக்கப்பை மட்டும் ஆண்டது.

இதற்கொரு விலையுண்டு. பழைய முறையில் வால்யூமை இறக்கினாலும் ஒலியின் தெளிவு அதிகம் குன்றாது. புதிய முறையில் சற்றே மங்கும். இவ்விரு முறைகளில் எதிலும் இரண்டும் ஒருசேரக் கிடைப்பதில்லை. சேர்த்து வாசிக்கையில் ஒரு வால்யூமைச் சுழியமாக்கினால் மற்றதும் ஊமையாகும் குறையும் உண்டு. அதனை நாங்கள் தொடவில்லை. இதில் ஒரு மறையுரை ஒளிந்திருப்பதாக நேயர்கள் சிலர் புன்னகைப்பது தெரிகிறது. வேண்டாம், கம்பி கம்பியாகவே இருக்கட்டும்.

அயர்ன் ஆறிக்கொண்டிருந்தபோதுதான் கேட்டேன்: "அன்று எல்லார் முன்னும் சொன்னது என் தவறு. மன்னிப்பீர்களா?" அவர் திருகாணியைத் தேடுபவர்போல் குனிந்துகொண்டார். "அம்மாதான் ரொம்ப அழுதாங்க ஃபாதர்" என்றார். அவர் தாயும் அந்த முன்வரிசையில் அமர்பவர் என்பது அப்போதுதான் என் நினைவுக்கு வந்தது. மறுநாள் அவரிடமும் சென்றேன்.

உயிர்ப்புப் பெருவிழா இரவில் 'உன்னதங்களிலே' பாடல் எழுந்தபோது கிதாரும் எழுந்தது. கழுத்துப் பக்கம் கனிந்து நிற்க, குதிரைப் பக்கம் கூர்மையை இழக்காமல் மெலிதாகக் கலந்தது. மூதாட்டிகளுள் ஒருவர் இப்போதும் சத்தம் அதிகம் என்கிறார். மற்றவர்கள் ஒன்றும் சொல்லவில்லை.

அந்த இளைஞர் இப்போது வேலை கிடைத்து ஓசூருக்குப் போய்விட்டார். வேறொரு மாணவி வாசிக்கிறார். சென்ற மாதம் கரகரப்பு வந்ததென்று பின்மூடியைத் திறந்தபோது, உள்ளே நான் வரைந்த படம் நான்காக மடிக்கப்பட்டிருந்தது. என் நீல மையின் மேல், நடுக்காலுக்குச் செல்லும் இரு கோடுகளையும் அவர் சிவப்பு மையால் அடித்து, ஓரக்காலுக்குப் புதிதாக வரைந்து, பக்கத்தில் "வால்யூம் 8" என்று எழுதியிருந்தார்.