ரத்தத்தில் கேன்சர் செல் இல்லைன்னு ரிப்போர்ட் வந்தா?

"கொஞ்சம் ரத்தம் போதும், கேன்சர் இருக்கா இல்லையான்னு சொல்லிடுவோம்" என்ற விளம்பரத்தை அனுப்பி, எடுக்கலாமா டாக்டர்னு நிறைய பேர் கேட்கறீங்க. கொஞ்சம் நீளமான இழை, பொறுமையா படிங்க.

கட்டியில் இருந்து செல்கள் கழன்று ரத்தத்தில் கலப்பது உண்மைதான். 1869-லேயே ஆஸ்திரேலியாவில் ஆஷ்வொர்த் என்ற மருத்துவர், கேன்சரில் இறந்த ஒருவரின் ரத்தத்தை மைக்ராஸ்கோப்பில் பார்த்து, கட்டியில் உள்ள மாதிரியே செல்கள் இதிலும் இருக்கு என்று எழுதிவைத்தார்.

சிக்கல் எண்ணிக்கையில். 1 மில்லி ரத்தத்தில் சிவப்பணுக்கள் மட்டும் சுமார் 500 கோடி. அந்தக் கூட்டத்தில் கேன்சர் செல் ஒண்ணோ ரெண்டோ இருக்கும். பல நேரம் அதுவும் இருக்காது.

எப்படிப் பிடிக்கறாங்க? 2004-ல் அமெரிக்காவின் எஃப்டிஏ அனுமதித்த செல்சர்ச் முறையைப் பார்ப்போம். 7.5 மில்லி ரத்தம் எடுப்பார்கள். மார்பகம், குடல் மாதிரி உறுப்புகளில் உருவாகும் கேன்சர் செல்களின் மேல் பெரும்பாலும் எப்கேம் என்ற புரதம் இருக்கும். ரத்த அணுக்களில் இருக்காது. அதில் போய் ஒட்டிக்கொள்ளும் நுண்ணிய இரும்புத் துகள்களைக் கலந்து, காந்தத்தால் இழுக்கிறார்கள். பிறகு சாயம் ஏற்றி, சிக்கியது வெள்ளையணு இல்லைன்னு உறுதி செய்து எண்ணுகிறார்கள். எனக்கு ரொம்பப் பிடிச்ச ஐடியா! ஆனா பரவக் கிளம்பும் செல்களில் சில, அந்தப் புரதத்தையே உதிர்த்துவிடும். காந்தத்துக்குச் சிக்காது.

2004-ல் வந்த ஆய்வில், ஏற்கெனவே வேறு உறுப்புகளுக்குப் பரவிய மார்பகப் புற்றுநோய் உள்ள 177 பெண்களைச் சோதித்தார்கள். 5 அல்லது அதற்கு மேல் செல் கிடைத்தது 49% பேருக்குத்தான். அவங்களுக்கு நோய் சீக்கிரம் முற்றியது. ஆக, நோய் எந்தப் போக்கில் போகுதுன்னு கணிக்க இது உதவும். ஆனா பரவினவங்களிலேயே பாதிப் பேருக்கு 5 கூட இல்லைன்னா, சின்னக் கட்டியை இது எப்படிக் காட்டும்?

போன மாசம் ஒரு அம்மா வந்தாங்க. மார்பில் மூணு மாசமா கட்டி. கையில் 'கேன்சர் செல் இல்லை' ரிப்போர்ட். "அதான் இல்லைன்னு வந்துருச்சேங்க, ஊசி எதுக்கு? குத்தினா பரவிடும்னு சொல்றாங்களே." ரொம்ப நேரம் பேசித்தான் பயாப்ஸிக்குச் சம்மதிச்சாங்க. கேன்சர்தான். நல்லவேளை, பரவலை.

(ரத்தத்தில் கட்டியின் டிஎன்ஏ துண்டுகளைத் தேடும் டெஸ்ட் வேற. அதைத் தனியா எழுதறேன்.)

கட்டி தட்டுப்பட்டா ஸ்கேன், மேமோகிராம், தேவைன்னா பயாப்ஸி. பயாப்ஸி ஊசியால் கேன்சர் பரவிடும்னு பயப்பட வேண்டாம். அறிகுறி எதுவும் இல்லை, சும்மா செக் பண்ணிக்கணும்னா, 30 வயசு தாண்டினவங்களுக்கு வாய், மார்பகம், கருப்பைவாய்ப் பரிசோதனை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இருக்கு. காசு கிடையாது.