7010-ன்னா எந்த 7010?

வகுப்புல ஒரே பேர்ல ரெண்டு பேர் இருந்தா இனிஷியல் கேட்போம் இல்லையா? கம்ப்யூட்டருக்கு ராம் வாங்கும்போதும் அதைக் கேட்கணும் மக்களே.

டெல் கம்பெனி 2012-ல 'ஆப்டிபிளெக்ஸ் 7010'னு ஒரு டெஸ்க்டாப் விட்டாங்க. 2023-ல அதே பேர்ல இன்னொண்ணு. பழசுக்கு டிடிஆர்3 ராம், புதுசுக்கு டிடிஆர்4. புதுசுலயே 'பிளஸ்'னு வால் இருந்தா டிடிஆர்5! ஒண்ணுக்கு வாங்கினது இன்னொண்ணுல உட்காராது. அடியில இருக்கிற வெட்டு மூணுலயும் வேற வேற இடத்துல இருக்கும். பலமா அழுத்தினா ஸ்லாட்தான் போகும்.

எங்க வீட்டுல இருக்கிறது பழைய 7010. கோயம்புத்தூர்ல செகண்ட் ஹாண்டா வாங்கினது, 4 ஜிபி. டாலியையும் குரோமையும் சேர்த்துத் திறந்தா, டீ போட்டுக் குடிச்சுட்டு வந்துடலாம். என் பி.காம் புராஜெக்டும் அதுலதான், அம்மாவோட மகளிர் குழுக் கணக்கும் அதுலதான். சீட்டுக் காசுல 1500 ரூபாய் எடுத்துக் கொடுத்துட்டு, "இதுக்கு மேல கேட்காதே"ன்னுட்டாங்க.

தெப்பக்காட்டுல ராம் கடைக்கு எங்க போறது? கூடலூர் போகணும். இல்லைன்னா மசினகுடி, கல்லட்டி வழியா 36 கொண்டை ஊசி ஏறி ஊட்டி. தப்பானதை வாங்கிட்டு வந்தா, மாத்த இன்னொரு நாளும் பஸ் காசும் போயிடும். போன்ல கேட்டா கடைக்காரர், "7010-ஆ? டிடிஆர்4 தம்பி, எடுத்து வெச்சுடறேன்"னார். அவரைச் சொல்லிக் குத்தமில்லை, அவர் பார்த்தது புது மாடலோட விவரம். எங்க ஊர் யானை முகாம்ல கூட எல்லா யானைக்கும் ஒரே அளவு சாப்பாடு கிடையாதுங்க!

விண்டோஸ்ல டாஸ்க் மேனேஜர் திறந்து, பெர்ஃபார்மன்ஸ்ல மெமரியை அழுத்தினா எத்தனை ஸ்லாட், எத்தனை நிரம்பியிருக்கு, என்ன வேகம்னு வந்துடும். எங்களுக்கு 4-ல 1. அப்புறம் பிளக்கைப் பிடுங்கிட்டு மூடியைக் கழட்டி, உள்ளே இருந்த ராமோட ஸ்டிக்கரைப் படிச்சேன். 'பிசி3-12800யு'. பிசி3-ன்னா டிடிஆர்3. 12800-ஐ 8-ஆல வகுத்தா 1600, அதுதான் வேகம். (1333 ஒண்ணைப் பக்கத்துல போட்டா ரெண்டுமே 1333-லதான் ஓடும்.)

முக்கியமானது கடைசி எழுத்து. 'யு'ன்னா சாதா டெஸ்க்டாப் ராம். 'ஆர்'னு இருந்தா சர்வர்ல இருந்து கழட்டினது. பழைய சாமான்ல 16 ஜிபி கூட மலிவா கிடைக்கும், ஆசை வரும். வெட்டும் அதே இடத்துல இருக்கிறதால கச்சிதமா உட்காரும். ஆனா இந்த மாதிரி டெஸ்க்டாப் பூட் ஆகாது. உட்கார்றதும் வேலை செய்யறதும் வேற வேற. கைக்கு அடக்கமான மைக்ரோ மாடல் வெச்சிருக்கிறவங்களுக்கு இதெல்லாம் வேண்டாம், அதுக்கு லேப்டாப் ராம்.

பழைய 7010-ல 4 ஸ்லாட்டும் சேர்த்து 32 ஜிபி வரை போடலாம். போடலாமேன்னு எனக்கும் தோணுச்சு. ஆனா இதுல இருக்கிறது மூணாம் தலைமுறை இன்டெல் பிராசசர், விண்டோஸ் 11-க்கான பட்டியல்ல இல்லை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான சப்போர்ட்டும் 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சுது. அதோட, ஏஐ சர்வர்களுக்கு மெமரி போறதால 2025 கடைசியில இருந்து ராம் விலை ஏறிடுச்சு. டிசம்பர்ல மைக்ரான் கம்பெனி, நம்மளை மாதிரி ஆளுங்களுக்கு வித்துட்டிருந்த 'குரூஷியல்' ராம் வியாபாரத்தையே நிறுத்தப் போறதா அறிவிச்சாங்க. இந்த நேரத்துல வயசான பெட்டியில காசைக் கொட்டறது எந்தக் கணக்குலயும் வராது. ஒரே ஒரு 8 ஜிபி போதும்னு முடிவு பண்ணேன்.

ஸ்டிக்கரை போட்டோ எடுத்து கடைக்காரருக்கு வாட்ஸ்அப்ல அனுப்பினேன். "அட, பழசா! ரெண்டு இருக்கு தம்பி"ன்னு அவரும் போட்டோ அனுப்பினார். ஒண்ணு 'ஆர்', இன்னொண்ணு 'யு'. 'யு'வை எடுத்து வைக்கச் சொல்லிட்டுத்தான் கூடலூர் பஸ் ஏறினேன்.