இத்தவணையிற் கற்கவிருப்பவை

தவணைத் தொடக்கத்திலே ஆசிரியர் ஒருவர் எழுதும் வேலைத்திட்டம் வெறுங் காகிதமன்று. வரும் மூன்று மாதங்களிலே முப்பது குழந்தைகளின் உள்ளத்தில் எவை புகவேண்டும், எந்த ஒழுங்கிற் புகவேண்டும் என்று முன்கூட்டியே அளிக்கப்படும் ஒரு வாக்குறுதி அது. அவ்வாக்குறுதி யாருக்கு அளிக்கப்படுகின்றது என்று வினவினால், அதிபருக்கு என்றும் வலயக் கல்வி அலுவலகத்துக்கு என்றுமே பலர் விடை கூறுவர். கரும்பலகைக்கு எதிரே அமர்ந்திருக்கும் குழந்தைகளுக்கே அது உரியது என்பது எளிதில் மறக்கப்பட்டுவிடுகின்றது.

நுவரெலியா மாவட்டத்தின் மேற்குச் சரிவிலே, தேயிலை மலைகளுக்கிடையே நிற்கின்றது ஒரு சிறு பாடசாலை. சித்திரைப் புத்தாண்டு விடுமுறை கழிந்து இரண்டாந் தவணை ஆரம்பமான நாளில், நான்காந் தரத்து ஆசிரியை தமது வேலைத்திட்டத்தை எழுதி முடித்திருந்தார். தாய்மொழியில் வாசிப்பு, சொல்வதெழுதல், சிறு கட்டுரை, கடிதம். கணிதத்தில் கழித்தல், பெருக்கல், நீளம், நிறை. சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகளில் நீரும் மழையும். இவற்றோடு சமயம், ஆங்கிலம், சிங்களம். வாரத்துக்கு வாரம் கோடிட்டுப் பிரிக்கப்பட்ட அத்திட்டத்தில் ‘நிறை’ எட்டாம் வாரத்துக்கும், ‘கடிதம்’ ஒன்பதாம் வாரத்துக்கும் ஒதுக்கப்பட்டிருந்தன.

இத்தகைய திட்டம் ஒன்று இத்தகைய பாடசாலையில் எழுதப்படுவதே நீண்டதொரு வரலாற்றின் விளைவாகும். தொழிலாளரின் பிள்ளைகளுக்குத் தாய்மொழியிற் கல்வி அளிக்கும் பொறுப்பினை 1907ஆம் ஆண்டின் கட்டளைச்சட்டம் தோட்டத் துரைமார்மீது சுமத்தியது. 1920இல் அப்பொறுப்பு மேலும் இறுக்கப்பட்டது. எனினும் சட்டம் வேறு, நடைமுறை வேறு என்பதை மலையகம் நன்கறியும். 1945இல் இலவசக் கல்வி நாட்டுப் பிள்ளைகளுக்குக் கதவினைத் திறந்தபோதும் தோட்டப் பள்ளிகள் நெடுங்காலம் அதன் வெளியிலேயே நின்றன. 1970களின் பிற்பகுதியிலிருந்துதான் அவை படிப்படியாக அரசாங்க அமைப்பினுள் உள்வாங்கப்பட்டன. 1999இலே நாடெங்கும் நடைமுறைக்கு வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம், மூன்றாம் நான்காந் தரங்களில் விளையாட்டும் செயற்பாடும் எழுத்துவேலையும் சம இடம் பெறவேண்டும் என்றது. குழந்தை தான் வாழும் உலகிலிருந்தே கற்கத் தொடங்கவேண்டும் என்பதே இதன் உட்கருத்தாகும். கேட்பதற்கு இனிய கருத்து. ஆனால், அக்குழந்தை வாழும் உலகம் உண்மையாகவே வகுப்பறைக்குள் நுழைந்துவிட்டால் என்ன நேரும் என்பதை எந்த வழிகாட்டியும் விரிவாகக் கூறுவதில்லை.

முதலாம் வாரத்திலேயே அது நுழைந்துவிட்டது.

கழித்தற் பாடம் நடந்துகொண்டிருந்தது. கழித்தலுக்கு ஒரு கதை சொல்லுமாறு ஆசிரியை கேட்டார். பத்து மாம்பழத்தில் மூன்றைத் தின்றதாக ஒருவன் சொன்னான். எட்டுப் பென்சிலில் இரண்டைத் தம்பிக்குக் கொடுத்ததாக இன்னொருத்தி சொன்னாள். மூன்றாவது வரிசையில் இருந்த சிறுமி எழுந்தாள்.

“டீச்சர், அம்மா 18 கிலோ கொழுந்து எடுத்தாங்க. 2 கிலோ வெட்டிட்டாங்க. 16 போட்டாங்க.”

விடை சரியானது. ஆசிரியை பாராட்டி அமரச் சொன்னார். சிறுமி அமரவில்லை.

“அந்த 2 கிலோ எங்க டீச்சர் போச்சு?”

பாடநூற் கணக்குகளிலே கழிக்கப்படும் பொருள் எங்கேனும் சென்றுசேரும். மாம்பழம் தின்னப்படும், பென்சில் கொடுக்கப்படும். சென்ற இடந் தெரியாத ஒரு கழித்தல் அன்றுதான் அவ்வகுப்பிற்கு வந்தது. மடுவத்திலே கொழுந்து நிறுக்கப்படும்போது சாக்குக்கென்றும் ஈரத்துக்கென்றும் சில கிலோ கழிக்கப்படுவதும், அதுபற்றித் தொழிலாளர் முறையிட்டு வருவதும் மலையகத்தில் எவருக்கும் புதிய செய்தியல்ல. குறித்த அளவு கொழுந்து சேராத நாளில் முழுப்பேர் அரைப்பேராகிவிடும் என்பதும் அவ்வகுப்பிலுள்ள ஒவ்வொரு குழந்தைக்கும் தெரியும். அவர்களுக்கு இரண்டு கிலோ என்பது வெறும் எண்ணன்று.

அன்றிரவு ஆசிரியை நெடுநேரம் விழித்திருந்தார். அவரும் லயத்துக் காம்பிராவொன்றிற் பிறந்து வளர்ந்தவரே. தம் தாயின் கூடையிலிருந்து எத்தனை கிலோ இவ்வாறு சென்றன என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்கும் கேள்வியென்று அது தோன்றியதும் இல்லை. இப்போது கேட்டவள் ஒன்பது வயதுச் சிறுமி. விடை கூறுவது எளிது. ஆனால் அவ்விடை அன்று மாலையே லயத்துக்குச் செல்லும். மறுநாட் காலை மடுவத்துக்கும் செல்லும். சிறுமியின் தாய் அதே தராசின் முன், அதே கணக்கப்பிள்ளையின் முன் நிற்கவேண்டியவர். ஆசிரியையின் வீரத்துக்குக் கூலி செலுத்த வேண்டியவர் அத்தாய்தான். மறுபுறத்தில், அடுத்த ஆண்டு புலமைப்பரிசிற் பரீட்சை. அங்கே மாம்பழக் கணக்கு வரலாம், இக்கணக்கு வராது. பேசாதிருந்துவிட்டாற் பாடத்திட்டம் உரிய காலத்தில் முடியும். ஆனாற் கணக்கு என்பது கொப்பியில் மட்டும் செல்லுபடியாகும் ஒன்று என்ற பாடத்தையும் வகுப்புச் சேர்த்தே கற்றுவிடும். எழுதப்படாத பாடங்களைத்தான் குழந்தைகள் மறப்பதில்லை.

மறுநாள் அவர் வேலைத்திட்டத்தில் ஒரு மாற்றஞ் செய்தார். எட்டாம் வாரத்து ‘நிறை’ இரண்டாம் வாரத்துக்கு வந்தது.

தோட்டத்துக் கடையிலிருந்து தராசும் படிக்கற்களும் இரவலாகப் பெறப்பட்டன. தேயிலைக் கொழுந்தைப் பறித்து வருதல் ஆகாது. ஆகவே பாடசாலைத் தோட்டத்துக் கோவா இலைகள் வந்தன. காய்ந்த இலைகளை ஒரு கிலோ நிறுத்தனர். பின் அவற்றை வாளித் தண்ணீரில் அமிழ்த்தி, உதறி, மீண்டும் நிறுத்தனர். தட்டுத் தாழ்ந்தது. நீருக்கும் நிறையுண்டு என்பதைக் குழந்தைகள் கண்ணாற் கண்டனர். அடுத்து வெறுஞ்சாக்கு வந்தது. 250 கிராம் படிக்கல்லை அதனால் அசைக்க முடியவில்லை.

“அப்ப மழை நாளில வெட்டுறது சரிதானே டீச்சர்?” என்றான் ஒருவன்.

“எவ்வளவு வெட்டினாச் சரி?” என்று ஆசிரியை திருப்பிக் கேட்டார்.

வகுப்பு அமைதியானது. பின்வரிசையிலிருந்து ஒரு குரல் எழுந்தது: “வெயில் நாளிலயும் வெட்டுறாங்களே?”

ஆசிரியை அதற்கு விடை கூறவில்லை. “நிறுத்துப் பார்த்ததைக் கொப்பியில எழுதுங்க. கேள்வியையும் எழுதுங்க,” என்று மட்டும் சொன்னார். அவர் யாரையும் குற்றஞ்சாட்டவில்லை, யாரையும் காப்பாற்றவுமில்லை. கழிவுக்கு ஒரு நியாயம் இருக்கலாம் என்பதையும், அந்நியாயத்துக்கும் ஓர் அளவு இருக்கவேண்டும் என்பதையும் தராசு ஒருங்கே காட்டியது. அளந்து பார்த்தபின் பேசுவதே அறிவு என்றால், அவ்வறிவின் முதற்படியில் அவ்வகுப்பு கால்வைத்தது எனலாம்.

அவர் செய்தது போதுமா என்று கேட்போர் உண்டு. அது மிகை என்று கூறுவோரும் உண்டு. பாடசாலை தொழிற்சங்கமன்று என்பது உண்மையே. ஆயின் பாடசாலை மடுவத்துக்கு வெகு தொலைவில் உள்ளது என்று நடிப்பதும் உண்மையாகாது. இரண்டுக்குமிடையே உள்ள தூரம் ஒரு மலைப்பாதையளவுதான். பெரும்பாலான குழந்தைகள் அதனை நாள்தோறும் நடந்து கடக்கின்றனர். கழித்தல் என்னும் ஒரே செய்கை ஓரிடத்திற் புள்ளியையும் மற்றோரிடத்தில் அரைப்பேரையும் தருமாயின், இரண்டையும் ஒரே கண்ணால் நோக்கக் கற்பிப்பது கல்வியின் கடனேயன்றி அரசியலின் ஊடுருவலன்று.

தவணை இன்னும் முடியவில்லை. தென்மேற்குப் பருவமழை சரிவுகளை நனைக்கத் தொடங்கும்போது சுற்றாடற் பாடத்தில் மழை வரும். குழந்தைகள் தகரப் பேணியொன்றை முற்றத்தில் வைத்து மழையை அளப்பர். பெருக்கல் வரும், ஒரு நாட் கழிவை மாதத்து நாள்களாற் பெருக்கிப் பார்க்க எவரும் சொல்லித்தரத் தேவையிராது. சிங்கள பாடத்தில் விலையும் நிறையும் கேட்கப் பழகுவர். ஒன்பதாம் வாரத்திற் கடிதம் எழுதக் கற்பர். விளித்தல் எங்கே, திகதி எங்கே, பணிவுடன் ஒன்றைக் கேட்பது எவ்வாறு என்பனவெல்லாம் அவ்வாரத்துக்குரியவை.

வேலைத்திட்டத்தில் ஒவ்வொரு பாடத்துக்கும் எதிரே, செயற்பாட்டினை விவரிக்க ஒரு கட்டம் உண்டு. அதிபர் ஒப்பமிடுமுன் எல்லாக் கட்டங்களும் நிரப்பப்பட்டிருந்தன, ஒன்றைத் தவிர. ‘கடிதம்’ என்பதற்கு எதிரே, அது யாருக்கு எழுதப்படும் என்னும் இடத்தை ஆசிரியை இன்னும் வெறுமையாகவே விட்டிருக்கின்றார்.