அது என்ன கடற்காகம்?

பிள்ளைகளே, ஹம்பேர்க் துறைமுகத்தில் மீன் வைத்த பாண் வாங்கிச் சாப்பிட்டிருக்கிறீர்களா? அதை இறுகப் பிடித்திருக்க வேணும். மேலே ஒரு வெள்ளைப் பறவை உங்களையே பார்த்துக்கொண்டிருக்கும். யேர்மன் மொழியில் அது மோவே. தமிழில் கடற்காகம். காகம் மாதிரியே களவெடுக்கும், பெயர் பொருத்தம்தான்!

எல்லா மோவேயும் ஒன்று இல்லை. கோடையில் பழுப்புத் தலையோடு குளத்தில் நிற்கிற சின்னது லாஹ்மோவே. குளிர்காலத்தில் அந்தப் பழுப்பு போய்விடும். கண்ணுக்குப் பின்னால் ஒரு கறுப்புப் பொட்டு மட்டும் மிஞ்சும். சாம்பல் முதுகும் இளஞ்சிவப்புக் காலும் உள்ள பெரியது சில்பர்மோவே. அதன் மஞ்சள் சொண்டில் ஒரு சிவப்புப் புள்ளி இருக்கும். குஞ்சு அதைக் கொத்தினால் தாய் சாப்பாட்டைக் கக்கிக் கொடுக்கும். அதே உருவம், ஆனால் கால் நல்ல மஞ்சள் என்றால் அது மிட்டல்மேர்மோவே. சொண்டு நீளமாய், மெல்லிசாய், கண் சின்னதாய், கறுப்பாய் இருந்தால் ஷ்டெப்பன்மோவே. அது கருங்கடல், கஸ்பியன் கடல் பக்கத்துப் பறவை. இப்போது யேர்மனியிலும் கூடு கட்டுகிறது.

சுலபம் என்று நினைக்கிறீர்களா? இந்தப் பெரிய கடற்காகங்கள் வளர்ந்து முடிய நான்கு வருடம் எடுக்கும். அதுவரை வருடத்துக்கு வருடம் உடுப்பு மாறும். முதல் வருடத்தில் எல்லாமே பழுப்புப் புள்ளி போட்டவை. இன்னொரு சிக்கலும் உண்டு. லவுசிட்ஸ் பகுதியில் பழைய நிலக்கரிக் குழிகள் இப்போது ஏரிகள். அங்கே சில்பர்மோவேயும் ஷ்டெப்பன்மோவேயும் ஒரே தீவில் சோடி சேர்கின்றன. குஞ்சு கொஞ்சம் அம்மா மாதிரி, கொஞ்சம் அப்பா மாதிரி இருக்கும். பெரிய ஆட்களே தலையைச் சொறிவார்கள்.

போன குளிர்காலம் நானும் என் மகளும் எல்பே ஆற்றங்கரையில் நின்றோம். அவளுக்கு ஒன்பது வயது.

"அம்மா, அங்க பாருங்கோ! ஷ்டெப்பன்மோவே!"

பக்கத்தில் தொலைநோக்கியோடு நின்ற முதியவர் திரும்புவதற்குள் பறவை பறந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. கொப்பியை எடுத்தார். சொண்டு எப்படி இருந்தது? நீளம், மெல்லிசு. கண்? கறுப்பு. கால் என்ன நிறம்?

மகள் என் காதுக்குள் கேட்டாள்: "வெளிறின நிறம் எண்டு சொல்லட்டோ? புத்தகத்தில அப்பிடித்தான் கிடக்கு."

"நீ கண்டனியோ?"

"இல்லை. அது தண்ணிக்குள்ள நிண்டது."

அவரிடமும் அப்படியே சொன்னாள். 'கால் தெரியவில்லை' என்று எழுதினார். பெயர் எழுதும் இடத்தில், 'பெரிய கடற்காகம், இனம் தெரியாது.' மகளின் முகம் சுருங்கிவிட்டது. "நான் சின்னப்பிள்ளை எண்டுதானே நம்பேல்ல?" நான் அதை யேர்மன் மொழியில் அவருக்குச் சொன்னேன். அவர் கொப்பியின் பழைய பக்கங்களைத் திருப்பிக் காட்டினார். அவர் கண்ட பறவைகளுக்கும் பல இடங்களில் அதே சொற்கள்!

நான் கணினிக்கு மென்பொருள் எழுதுகிறவள். "வேலை செய்யுதில்லை" என்று மட்டும் ஒருவர் சொன்னால் எங்களால் ஒன்றும் செய்ய ஏலாது. எதை அழுத்தினீர்கள், திரையில் என்ன வந்தது என்று கேட்போம். பறவை பார்ப்பவர்களும் அப்படித்தான். யேர்மனியில் மிக அபூர்வமான பறவையைக் கண்டால், குறிப்பையும் படத்தையும் ஒரு குழு சரிபார்க்கும். அதன் பெயர் டொய்ச்ச அவிஃபவுனிஸ்டிஷ கொமிசியோன். மூச்செடுத்து வாசியுங்கள்!

முந்தி சாட்சி என்றால் துவக்குத்தான். ஹைன்ரிஹ் கேட்கே என்ற ஓவியர் 1837இல் வட கடலில் உள்ள ஹெல்கோலாந்து தீவுக்குப் போனார். அங்கேயே இருந்து பறவைகளைக் கவனித்து 1891இல் பெரிய புத்தகம் வெளியிட்டார். அந்தக் காலத்தில் அபூர்வமான பறவையைச் சுட்டு, பாடம் செய்து வைத்தால்தான் மற்றவர்கள் நம்புவார்கள். பாவம் பறவை.

சுடாமலே ஒரு பறவையை அடையாளம் காண இன்னொரு வழி வந்தது. 1899இல் டென்மார்க்கில் மோர்டென்சன் என்ற ஆசிரியர், இலக்கம் பதித்த அலுமினிய வளையங்களைப் பறவைகளின் காலில் போட்டார். இன்று கடற்காகக் குஞ்சுகளுக்குக் கூட்டிலேயே வளையம் போடுகிறார்கள். 'ஃபோகல்வார்ட்ட ஹெல்கோலாந்து' என்று பதித்த வளையத்தை நீங்களும் காணலாம். இலக்கத்தை முழுதாய் வாசித்து, கண்ட இடத்தையும் நாளையும் அனுப்புங்கள். அதற்கு எங்கே, எப்போது வளையம் போட்டார்கள் என்று பதில் வரும்.

என் மகள் இப்போது காலைத்தான் முதலில் பார்க்கிறாள்.