ஓப்பீர் பொன்னும் பெங்களூர் கத்தரிக்காயும்

ஜனவரி 7, 2025, செவ்வாய்

பார்சல் இன்றும் வரவில்லை. கூரியர் பையன் போனில், "சார், புத்தூர் நால்ரோட்டுல நிக்கிறேன், உங்க தெரு எங்க இருக்கு?" என்கிறான். இது மூன்றாவது தடவை. "தம்பி, அது புத்தூர், இது புதூர். எடமலைப்பட்டி புதூர். மதுரை ரோட்டுப் பக்கம் வாங்க" என்றேன். வைத்துவிட்டான். முப்பது வருஷம் பூகோளம் நடத்தியவன் முகவரியில் 'எ.' போட மறந்தால் இப்படித்தான்.

வரவேண்டியது வேதாகம நிலப்படங்கள் கொண்ட பழைய புத்தகம். 19ஆம் தேதி சண்டே ஸ்கூல் பிள்ளைகளுக்கு, ஓப்பீர் என்ற இடத்துக்குப் போய்ப் பொன் கொண்டுவந்த சாலொமோனின் கப்பல்களைப் பற்றி நான் பேசவேண்டுமாம். போதகர் உத்தரவு.

வேதத்திலும் இந்தக் குழப்பம் உண்டு. பெத்லகேம் இரண்டு. ஒன்று யூதாவில், மற்றது யோசுவா 19ஆம் அதிகாரத்தில், செபுலோன் கோத்திரத்தின் பங்கில். மீகா தீர்க்கதரிசி 'எப்பிராத்தா' என்று சேர்த்துச் சொன்னதால் தப்பித்தார். அவர் போட்ட 'எ.' அது.

ஜனவரி 9, வியாழன்

புத்தகம் வந்துவிட்டது, ஒரு மூலை நசுங்கி. மத்தியானம் தூங்கவில்லை.

எட்வர்ட் ராபின்சன் என்ற அமெரிக்கர் 1838இல் பாலஸ்தீனத்துக்குப் போகிறார். கூட எலி ஸ்மித், அரபு நன்றாகத் தெரிந்த மிஷனரி. மடங்களில் துறவிகள் காட்டிய புண்ணிய தலங்களை ராபின்சன் அவ்வளவாக நம்பவில்லை. உழுகிறவனையும் ஆடு மேய்க்கிறவனையும் பார்த்து, இந்த ஊர் பேரென்ன என்று விசாரித்தார்கள். அனாத்தா என்றான் ஒருவன். எரேமியா பிறந்த ஆனதோத் அது. முக்மாஸ் என்றால் மிக்மாஸ். செய்லூன் என்றால் சீலோ. எல்-ஜீப் என்ற கிராமத்தைக் கிபியோன் என்று குறித்தார்கள். 1956இல் அங்கே தோண்ட ஆரம்பித்த பிரிட்சார்டுக்குச் சாடிகளின் உடைந்த கைப்பிடிகள் கிடைத்தன. கீறியிருந்த எபிரெய எழுத்தில் கிபியோன் என்றே இருந்தது. ராஜ்யம் மாறி, மதம் மாறி, பாஷையும் மாறிய பிறகும் ஊர்ப் பெயரை மட்டும் குடியானவன் விடவில்லை.

பழைய கிரேக்கக் கடல்வழி நூலான பெரிபுளூஸில் மெல்லிய துணிக்குப் பேர்போன அர்கரு என்று ஓர் ஊர் வருகிறதே, அது நம் உறையூர் என்கிறார்கள். எனக்குச் சம்மதம். அங்கே பெயரும் இருக்கிறது, தறியும் இருக்கிறது.

ஜனவரி 12, ஞாயிறு

ஆராதனை முடிந்து காந்தி மார்க்கெட். பொங்கல் நெரிசலில் கால் வைக்க இடமில்லை. சௌசௌ கேட்டேன். "பெங்களூர் கத்தரிக்காயா சார்?" என்று காய்க்கார அம்மா இரண்டைத் தட்டில் போட்டார். முனையில் குட்டி முளை விட்டிருந்தது. இது கத்தரிக்காயும் இல்லை, பெங்களூரில் பிறந்ததும் இல்லை. பூர்வீகம் மெக்சிகோ பக்கம். ஆயிரம் வருஷம் கழித்து யாராவது இந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு ஊர் தேடினால் என்ன ஆவது?

பஸ்ஸில் வரும்போது அதே நினைப்பு. டெல் அவிவில் டெல் கசீலே என்ற மேட்டில் 1946இல் ஒரு பானை ஓடு கிடைத்தது. கி.மு. 8ஆம் நூற்றாண்டு என்கிறார்கள். பெத்ஓரோனுக்கு ஓப்பீர் பொன், 30 சேக்கல் என்று அதில் எழுத்து. ஆக ஓப்பீர் வெறும் கதை இல்லை. கணக்கில் ஏறிய சரக்கு. ஆனால் அந்தப் பொன் ஓப்பீரிலிருந்துதான் வந்ததா, அல்லது ஒசத்தியான பொன்னுக்கெல்லாம் அந்தப் பெயர் நின்றுவிட்டதா? தர்ஷீஸ் என்ற ஊர்ப்பெயரும் அப்படித்தான். யோனா யோப்பாவில் கப்பல் ஏறி தர்ஷீசுக்கு ஓடுகிறான். அது மத்தியதரைக் கடல். யோசபாத் ராஜாவோ ஓப்பீருக்குப் போக 'தர்ஷீஸ் கப்பல்களை'ச் செய்கிறான். அவை உடைந்துபோவது செங்கடல் பக்கத்து எசியோன்கேபேரில். நெடுங்கடலுக்கான பெரிய கப்பல் என்ற அர்த்தத்துக்கு அந்தச் சொல் வந்துவிட்டது போல.

சாலொமோனுக்காக தீரு ராஜா ஈராமின் ஆட்கள் ஓப்பீரிலிருந்து கொண்டுவந்த பொன் ராஜாக்களின் புத்தகத்தில் 420 தாலந்து, நாளாகமத்தில் 450. நடுவில் முப்பது தாலந்து எங்கே போனது என்று ஆடிட்டர்தான் சொல்லவேண்டும்.

ஜனவரி 14, செவ்வாய், பொங்கல்

மகளும் மாப்பிள்ளையும் காலையிலேயே வந்துவிட்டார்கள். மாப்பிள்ளைக்கு உவரி. ஓப்பீர் என்று வாயெடுத்தேனோ இல்லையோ, "அது எங்க ஊருல்லா மாமா! சின்னப் பிள்ளைக்கும் தெரியுமே" என்றார். உவரியில் நெடுநாளாக இருக்கிற பேச்சு அது.

உவரி என்றால் நல்ல தமிழில் உப்புநீர், கடல். கடலோரத்து ஊருக்கு அந்தப் பெயர் வர சாலொமோன் எதற்கு? மகளுக்காக வாயை மூடிக்கொண்டேன். அவரே விடவில்லை. "கால்டுவெல் சொல்லியிருக்காரே, தோகை!"

அது லேசில் தள்ளக்கூடியதில்லை. உவரிக்குப் பக்கத்து இடையன்குடியில் இருந்தவர் கால்டுவெல். சாலொமோனின் கப்பல்கள் மூன்று வருஷத்துக்கு ஒருமுறை கொண்டுவந்தவற்றில், குரங்குகளுக்கு அடுத்து மயில் என்று நாம் படிப்பதற்கு எபிரெயத்தில் 'துக்கிய்யீம்'. அதைத் தமிழின் தோகையோடு இணைத்து, உலகத்தில் எழுத்தில் ஏறிய திராவிடச் சொற்களிலேயே பழையது இதுவாகலாம் என்று தம் ஒப்பிலக்கணத்தில் எழுதினார்.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு அக்கா வந்து, "கரும்புத் தோகையைக் குப்பையில போட்டுடாதீங்கண்ணே, மாட்டுக்கு ஆகும்" என்று அள்ளிக்கொண்டு போனார். மாப்பிள்ளை என்னைப் பார்த்துச் சிரித்தார். கரும்புக்கும் மயிலுக்கும் ஒன்றாகவே ஓடுகிற சொல், இரவல் வாங்கியதாக இருக்காது. அதை ஒப்புக்கொண்டேன்.

ஜனவரி 16, வியாழன்

மொட்டை மாடித் தொட்டிப் பக்கம் ஒரு மயிலிறகு, கண் பாதி தேய்ந்தது. விராலிமலையில் இருந்தவை இப்போது இங்கேயும் காலையில் கத்துகின்றன.

சொல் நம்முடையது என்றாலும் கப்பல் நம் கரைக்கு வந்தது என்று ஆகாது. சரக்கோடு சேர்ந்து சொல்லும் நாலு கை மாறிப் போகும். மெக்சிகோ காய்க்குப் பெங்களூர் பெயர் வந்தபோது எந்தக் கப்பலும் பெங்களூருக்குப் போகவில்லை. அந்தப் பறவை மயில்தானா என்பதிலேயே வழக்கு இருக்கிறது. பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில் அந்த இடத்தில் செதுக்கிய கற்கள். சில புதிய ஆங்கில வேதாகமங்களில் பபூன் குரங்கு. இன்றைய எபிரெயத்தில் 'துக்கி' கிளி! ஆதியாகமம் 10இல் ஓப்பீரின் பெயர் சேபாவுக்கும் ஆவிலாவுக்கும் நடுவே, அரபு நாட்டுப் பெயர்களோடு நிற்கிறது. கிரேக்கத்தில் முன்னால் ஒரு 'ஸ' ஒட்டிக்கொள்ள, அதை வைத்து மும்பைப் பக்கத்து சோபாராவைச் சொல்கிறவர்கள் தனி.

என் வோட்டு அரபு நாட்டுக்கு. மாப்பிள்ளையிடம் சொன்னேன். "சரி மாமா" என்றார். சம்மதித்த குரல் இல்லை அது.

ஜனவரி 19, ஞாயிறு

பதினோரு பிள்ளைகள். போர்டில் செங்கடல் வரைந்து, ராபின்சனையும் பானை ஓட்டையும் சொல்லி, ஓப்பீரை மட்டும் குறிக்காமல் விட்டேன். கேள்வி உண்டா என்றதும் கடைசி வரிசைப் பையன் எழுந்தான். "சார், குரங்கையும் மயிலையும் ஒரே கப்பல்ல எப்படி சார் கொண்டு வந்தாங்க? பிச்சுப் போட்டுடாது?"

புத்தகத்தை வீட்டுக்கு வந்து ஒரு முறை புரட்டினேன். கூண்டு பற்றி ஒரு வரி இல்லை.